கிரகணமும் ஆதியாகமமும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கே செல்வோருக்கு வழியில் எதிர்ப்படும் ஊர் நெளுக்குளம். பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்கும் வன்னிக் கிராமங்கள் பலவற்றுள் அதுவும் ஒன்று. அங்கே கிணறு வெட்டுவோர் மேல்மண்ணைக் கடந்ததும் கடும்பாறையில் முட்டுவர். அப்பாறை எக்காலத்தது? புவிச்சரிதவியலார் இதற்குக் கூறும் விடை நம் நாட்டுப் பெயரையே தாங்கியிருக்கின்றது. இலங்கையின் அடிப்பாறைகளை அவர்கள் சில தொகுதிகளாக வகுத்து, வடக்கிலும் வடமேற்கிலும் பரந்து கிடப்பதற்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். அதன் மூலப்பாறைகள் ஏறத்தாழ 77 கோடி ஆண்டுகளுக்கும் 110 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றியவை. பின்னர் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் இலங்கையோடு ஒட்டி ஒரே பெருநிலமாகத் திரண்ட காலத்தில், பூமியின் உள்வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அவை வெந்து உருமாறின. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இதனோடு ஒப்பிட நேற்றுப் பிறந்த பிள்ளை.

இதற்கு நேர்மாறான கணக்கொன்றும் உண்டு. அயர்லாந்து தேசத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் என்பார், 17ஆம் நூற்றாண்டின் நடுவில், வேதாகமத்திலுள்ள வமிச வரலாறுகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டிற் படைக்கப்பட்டதென முடிவு கட்டினார். 1701 முதலாக ஆங்கில வேதாகமப் பதிப்புகளின் ஓரங்களில் அவ்வாண்டு அச்சேறி வந்தமையால், அதுவும் வேதவாக்கே எனப் பலரும் மயங்கினர். ஆதியாகமத்திலோ அப்படி ஓர் ஆண்டு எங்கும் இல்லை.

எங்கள் பாடசாலைகளிற் பயிலும் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் காலையில் சமயபாட வகுப்பிற் படைப்பைக் கேட்கின்றான். நண்பகலில் உயிரியல் வகுப்பிற் கூர்ப்பைக் கேட்கின்றான். பரீட்சையில் இரண்டுக்கும் பிழையின்றி விடை எழுதி இரண்டிலும் சித்தியடைகின்றான். அவ்விரு விடைத்தாள்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சைவ மாணவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. பெரும்பாலார் இதனாற் குறையேதும் உணர்வதில்லை என்பது உண்மை. ஆயினும் உணர்பவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கின்றது? மேல்நாட்டார் டார்வினைப் பற்றி எழுதிய சண்டைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. ஏனெனில், நம் நாட்டில் இவ்வழக்கு டார்வினுக்கு முன்னரே, வேறோர் உருவில், வேறோர் ஊரில் நடந்து முடிந்திருக்கின்றது. அவ்வூர் வட்டுக்கோட்டை.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்திற் கால்கொண்டது. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினறி என்னும் உயர்கல்விச்சாலையை அது நிறுவிற்று. முதல் அதிபர் டானியல் பூர். கணிதமும் வானநூலும் அங்கே சிறப்பிடம் பெற்றன. கல்வியின்மேற் கொண்ட பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. யாழ்ப்பாணத்து ஆலயங்களிற் கந்தபுராண படனம் ஓங்கியிருந்த காலம் அது. அப்புராணத்து அண்டகோசப் படலம் மேருமலையையும் ஏழு தீவுகளையும் ஏழு கடல்களையும் விரித்துரைப்பது. பூகோள உருண்டை ஒன்றை மாணவன் கையில் கொடுத்துவிட்டால், பாற்கடலும் தேன்கடலும் எங்கே எனத் தானே தேடத் தொடங்குவான். காணாதவிடத்துப் புராணத்தையும், அதன்பின் அப்புராணம் புகழும் தெய்வத்தையும் கைவிடுவான் என்பது பாதிரிமாரின் எதிர்பார்ப்பு. விஞ்ஞானம் கிறிஸ்தவத்துக்கு முன்தூதாய் வந்தது.

அதற்கு வாய்ப்பான ஒரு நாளும் வந்தது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் தேதிக்கு ஒரு சந்திரகிரகணம் குறிக்கப்பட்டிருந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அக்காலத்திற் பெருமதிப்புடன் வழங்கிற்று. வண்ணைக் குறவஞ்சி பாடிய புலவரும் அவரே. ஐரோப்பியக் கணிப்பையும் சாஸ்திரியார் கணிப்பையும் பூர் ஒப்பிட்டு நோக்கினார். கிரகணம் பிடிக்கும் நேரம், அது நீடிக்கும் காலம், சந்திரன் மறைபடும் அளவு ஆகிய மூன்றிலும் அவை மாறுபட்டன. செய்தி பரவிற்று. அன்றிரவு மாணவரும் அயலவரும் கூடி நின்று பார்த்தனர். வானம் பூரின் பக்கமே சாட்சி சொல்லிற்று.

மிஷன் வரலாற்றை எழுதியோர் இந்நிகழ்ச்சியைப் பெரிதாகப் போற்றுவர். போற்றட்டும். ஆனால் அன்றிரவு தோற்றது யாது என்பதை நிதானமாக ஆராயவேண்டும். சாஸ்திரியார் இராகு என்னும் பாம்பு எத்தனை நாழிகையிற் சந்திரனை விழுங்கும் என்று கணித்தாரல்லர். பஞ்சாங்க கணிதத்துக்கு ஆதாரமான சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள் பூமியை உருண்டையெனவே கொள்வன. சந்திரகிரகணம் பூமியின் நிழலால் நேர்வதென்பதும் அவற்றுக்கு உடன்பாடே. இராகுவும் கேதுவும் அக்கணிதத்தில் சந்திரன் செல்லும் வழியும் சூரியன் செல்லும் வழியும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். ஆலயத்தில் இராகுவுக்கு விளக்கேற்றியவரும், இல்லத்தில் இராகுவைப் பாகை கலையாகக் கணக்கிட்டவரும் ஒரே மனிதரே. அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. ஆகவே அன்றிரவு பிழைத்தது பழைய வாய்பாட்டின் நுட்பம் ஒன்றே.

அவ்வாய்பாடும் இழிவானதன்று. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணவென்று புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ஜாந்தில், 1769இல் மேகம் மறைத்தமையால் வந்த காரியம் கைகூடாமற் போக, தமிழர் கணிதத்தைக் கற்றுச் சென்றார். 1765ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் ஒன்றைத் தமிழ்க் கணிதம் 41 விநாடி குறைத்தும், ஐரோப்பாவிற் பேர்பெற்ற மாயரின் வாய்பாடு 68 விநாடி கூட்டியும் காட்டியதென அவர் எழுதி வைத்தார். 1825இல் ஜோன் வாறன் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்னும் நூலிலோ இன்னும் வியப்பான செய்தி உண்டு. புதுச்சேரியில் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, சோழிகளைத் தரையிற் பரப்பி, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி, ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடமே பிழைத்தது. முடிவு ஐம்பது நிமிடம் வரை பிழைத்தது. இச்செய்தியைக் கொண்டு 1952இல் நொய்கபவர் என்னும் அறிஞர் தமிழர் வானநூலைப் பாபிலோனியக் கணிதத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். குறை எங்கே இருந்ததெனின், வானத்தைப் பார்த்து வாய்பாட்டைத் திருத்தும் வழக்கம் நின்றுபோன இடத்தில். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே விற்கப்படுவதையும், சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் இரண்டும் பிணங்குவதையும் காண்போருக்கு அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பது விளங்கும்.

பாதிரிமார் எடுத்த வாதத்தின் உள்ளீடு இதுவே: வானத்தைப் பற்றிப் பிழைபடச் சொன்ன நூல் ஆன்மாவைப் பற்றி மெய் சொல்லும் என எவ்வாறு நம்புவது? கூரிய வாதம். ஆனால் இருபுறமும் கூரியது. அண்டகோசப் படலத்தை நோக்கி ஓங்கிய அந்த வாளை, முதல் நாளில் ஒளியும் நான்காம் நாளிற் சூரியனும் தோன்றியதாகக் கூறும் ஆதியாகமத்தை நோக்கித் திருப்ப எவ்வளவு நேரமாகும்? செமினறி மாணவர் சிலர் திருப்பவே செய்தனர். அங்கே பயின்று, 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த பெருமகனாக நாம் அறியும் அவர், சைவ மகத்துவம், விவிலிய விரோதம் என்னும் கண்டன நூல்களையும் எழுதியவர். ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரமோ வேறு வழியிற் சென்றது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நாவலருக்குப் பழைய ஏற்பாடு மனப்பாடம் போன்றது. சைவக் கிரியைகளைப் பழிப்போரே, உங்கள் வேதத்திலுள்ள பலியும் தூபமும் தீபமும் யாவை என்று அவர் கேட்டார். செமினறி 1855இல் மூடப்பட்டது. டார்வினின் நூல் வெளிவந்தது அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னர். ஆகவே, திருமறையின் சொல்லை வானத்தோடும் மண்ணோடும் ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை யாழ்ப்பாணத்தார்க்குக் கற்பித்தது கூர்ப்புக் கொள்கையன்று, கிறிஸ்தவ மிஷனே.

இதனாற் பாதிரிமார் செய்த நன்மையை மறந்துவிட முடியாது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இற் ‘கெமிஸ்தம்’ என உடற்கூறும் இரசாயனமும் தமிழ் உடுத்து வெளிவந்தன. இன்று தமிழில் விஞ்ஞானம் எழுத முடியுமா என ஐயுறுவோர் அந்நூல்களை ஒருமுறை புரட்டுவது நல்லது.

செமினறியின் பின்னைய அதிபர்களுள் ஹென்றி ஹொய்சிங்டன் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். இந்து வானநூலைப் பற்றி 1848இல் நூல் வெளியிட்டவர். பின்னர் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து, 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். எதிராளியின் கோட்டைக்குள் நுழைந்து பார்த்த அளவில், மேருமலையைக் காட்டிலும் உயரமான ஒன்று அங்கே நிற்பதை அவர் கண்டிருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். அதுதான் சித்தாந்தத்தின் சற்காரியவாதம். உள்ளதே தோன்றும், இல்லாதது தோன்றாது. குடம் உண்டாக வேண்டின் குயவனும் திரிகையும் போதா, மண்ணும் வேண்டும். அவ்வாறே இறைவன் நிமித்த காரணன், அவன் சத்தி துணைக்காரணம், மாயை முதற்காரணம். உயிர்களோ படைக்கப்பட்டனவல்ல, பதியைப்போல அநாதியானவை.

கிறிஸ்தவம் இதனை உடன்படாது. குயவன் உவமையை அது முழுமையாகக் கொள்வதில்லை. மண்ணையும் அவனே உண்டாக்கினான் என்னும். ‘இன்மையிலிருந்து படைத்தல்’ என்னும் இக்கொள்கையைக் கேட்ட சித்தாந்தி, இல்லாத ஒன்றை ஒரு பொருள்போலக் கையில் எடுத்து உலகைச் செய்ததாகக் கருதி நகைப்பான். அதன் பொருள் அதுவன்று. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் என்னும் இறையியலார் இதனைத் தெளிவாக்கினார். உலகுக்குக் காலத்திலே ஒரு தொடக்கம் உண்டென்பதை அறிவினால் நிறுவ இயலாது. அதனை விசுவாசத்தாற் கொள்ளலாம். தொடக்கமேயில்லாத உலகாயினும் அது படைக்கப்பட்ட உலகாகவே இருக்கக்கூடும். ஏனெனிற் படைப்பு என்பது ஒரு பொருள் தன் இருப்புக்குப் பிறிதொன்றை என்றும் சார்ந்து நிற்றலே என்றார். வீணையொலி வீணையை வாசிப்பவனைச் சார்ந்திருப்பதுபோல என்று நாம் உவமை கூறலாம். வாசிப்பது நின்றால் ஒலியும் நிற்கும்; குயவன் போனபின்னும் குடம் இருக்கும். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அகுஸ்தீன், ஆதியாகமத்து ஆறு நாட்களை நாம் அறிந்த நாட்களாகக் கொள்ளத் தேவையில்லை என எழுதினார். வானத்தையும் மிருகங்களையும் நன்கறிந்த புறச்சமயத்தார் முன்னே கிறிஸ்தவர் வேதத்தின் பேரால் அறியாமை பேசி நகைப்புக்கு இடமாகலாகாது என்று அவர் எச்சரித்ததும் உண்டு. வட்டுக்கோட்டையில் அகுஸ்தீனைச் சற்றுக் கூடுதலாகப் படித்திருந்தால், வாதங்களின் வெப்பம் தணிந்திருக்கும்.

சைவம் கிறிஸ்தவம் என்னும் இவ்விரண்டுக்கும் உள்ள பிணக்கைத் தொலைநோக்கி கொண்டு தீர்க்கலாமா? தீர்க்கலாம் என ஒருகணம் மயங்கினோருள் பாப்பரசர் ஒருவரும் உளர். உலகம் ஒரு மிகச் சிறிய, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்து வருகின்றதென்னும் கருத்தை 1927இலும் 1931இலும் முன்வைத்தவர் ஜோர்ஜ் லெமேத்ர் என்னும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். 1951 நவம்பரில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அறிஞர் சபையொன்றில் உரையாற்றுகையில், இக்கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பெருமிதம் தோன்றப் பேசினார். அதனை முதலில் மறுத்தவர் அக்குருவானவரே. தம் கொள்கை பௌதிகவியலைச் சேர்ந்தது. அது நாத்திகனுக்கும் ஆத்திகனுக்கும் பொது. நாளை அது திருத்தப்பட்டால் விசுவாசமும் உடன் திருத்தப்படவேண்டுமா என்பது அவர் கவலை. வத்திக்கான் வான் ஆய்வுக்கூடத் தலைவருடன் கலந்து அவர் தம் கருத்தை உணர்த்தினார். அடுத்த ஆண்டு வானநூலார் முன்னே பேசியபோது பாப்பரசர் அவ்வாதத்தை எடுக்கவில்லை. பூர் 1829இற் செய்ததை லெமேத்ர் 1951இற் செய்ய மறுத்தார் என்று இதனைக் கொள்ளலாம்.

நம்மவரும் இம்மயக்கத்திற்கு விலக்கானவரல்லர். பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமிக்கு விஞ்ஞானிகள் கூறும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. பார்த்தீர்களா என்று மேடையிற் கைதட்டல் வாங்குவோர் உளர். எண்கள் அருகருகே வந்துவிட்டமையால் மட்டும் ஒன்று மற்றொன்றை நிறுவிவிடாது. புவிச்சரிதவியலார் தம் எண்ணைப் பாறையிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தைக் கொண்டு கண்டனர். புராணத்து எண்ணுக்கு அடி வேறு, நோக்கம் வேறு. அஷர் பேராயருக்கு நகைப்பவர் இதற்கு மட்டும் தலையசைப்பது நேர்மையாகுமா?

இனி உயிரின் தோற்றத்துக்கு வருவோம். இவ்வாராய்ச்சியில் உலகறிந்த பெயர்களுள் ஒன்று இலங்கையருடையது என்பதை எத்தனை மாணவர் அறிவர்? சிறில் பொன்னம்பெரும 1923இற் காலியிற் பிறந்தார். சென்னைச் சர்வகலாசாலையில் 1948இற் பட்டம் பெற்றது மெய்யியலில். அதன்பின்னரே இலண்டன் சென்று இரசாயனம் கற்றார், ஜே. டி. பேர்ணல் அங்கே அவருக்கு ஆசிரியர். 1962இற் கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, நாசா நிறுவனத்தில் அமர்ந்தார். ஆதிகாலப் பூமியில் இருந்திருக்கக்கூடிய எளிய பொருள்கள்மீது மின்பொறியையும் புறவூதாக் கதிரையும் செலுத்தினால் உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் தாமே உருவாகுமா என்பது அவர் வாழ்நாள் வினா. 1963இல், உயிர்க்கலங்களின் சத்திக் களஞ்சியமான ஏ.ரீ.பீ. என்னும் பொருள் அவ்வாறு உருவாவதைக் கார்ல் சேகன் முதலியோருடன் சேர்ந்து காட்டினார்.

1969 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் ஓர் விண்கல் விழுந்தது. அதனைப் பொன்னம்பெருமவும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது அமினோ அமிலங்கள் அகப்பட்டன. அவை மனிதர் கை பட்டதால் ஒட்டியவையோ எனும் ஐயம் எழும் அன்றோ? அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல இரு வடிவினவாக இருக்கக்கூடும். பூமியிலுள்ள உயிர்கள் தம் புரதங்களுக்குப் பயன்படுத்துவன இடக்கை வடிவினவே. விண்கல்லிலோ இரு வடிவும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருந்தன; இப்பூமியின் உயிர்களிற் காணாத அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை வானத்திலேயே உண்டானவை. உயிர் உண்டாயிற்று என்பதன்று இதன் பொருள். உயிரின் கட்டடத்துக்கு வேண்டிய கற்கள் அண்டத்தில் அருமையானவை அல்ல என்பதே பொருள். கற்குவியலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை விஞ்ஞானம் இன்னும் கடக்கவில்லை. அவ்விடைவெளியைக் காட்டி, இங்கேதான் கடவுள் இருக்கிறார் என்று கூறும் சமயவாதி, இடைவெளி சுருங்கச் சுருங்கத் தன் கடவுளையும் சுருக்கிக்கொள்ள நேரும். மெய்யியல் கற்று இரசாயனத்துக்கு வந்த பொன்னம்பெரும, 1984இல் இலங்கைச் சனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகி, கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கை நிறுவனத்தையும் நடத்தினார், 1994இல் மறைந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபை இவ்விடயத்தில் மெல்ல நடந்தது, ஆயினும் நடந்தது. மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின்வழி ஆராய்வதற்கு 1950இற் பாப்பரசர் தடையில்லையென்றார். ஆன்மாவைப் பற்றிய போதனை மட்டும் மாறவில்லை. 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டதென ஒப்பினார். புரட்டஸ்தாந்து சபைகளுள் இன்றும் ஆறு நாளை எழுத்துக்கு எழுத்து வற்புறுத்துவோரும் உளர், டார்வினைத் தயங்காது ஏற்போரும் உளர்.

எஞ்சி நிற்பது மனிதனின் இடம். என் கருத்தில் வழக்கின் உயிர்நிலை இங்கேதான். ஆண்டுக்கணக்கு அதன் வெளித்திண்ணை. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்னும் சொல் கூர்ப்பைத் திரித்துச் சொல்வது. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான ஒரு முன்னோர் கூட்டம் ஏறத்தாழ அறுபது எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. நம் தீவில் பாகியன் குகையிலே கிடைத்த சான்றுகள், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடி வாழ்ந்த நம்மையொத்த மனிதரைக் காட்டுகின்றன. தொல்பொருளாளர் ‘இரணைமடுப் படிவம்’ என வழங்கும் மண்ணடுக்கு, கிளிநொச்சி இரணைமடுவின் பெயரைப் பூண்டது, கற்கருவிகள் தருவது. அஷர் கணக்குப்படி உலகமே பிறக்குமுன் இத்தீவில் வேட்டை நடந்திருக்கின்றது.

இதனால் மனிதன் தாழ்ந்துவிட்டானா? ஆதியாகமத்தைக் கூர்ந்து படித்தால் அது மனிதனுக்குத் தனி நாள் ஒன்றை ஒதுக்கவில்லை என்பது புலனாகும். நிலத்து விலங்குகள் உண்டான ஆறாம் நாளிலேயே அவனும் உண்டாகின்றான். இரண்டாம் அதிகாரமோ அவனை மண்ணிலிருந்தே எடுக்கின்றது. எபிரேய மொழியில் ‘ஆதாம்’ என்பதும் நிலத்தைக் குறிக்கும் ‘அதாமா’ என்பதும் ஓரினச் சொற்கள். முதலாம் அதிகாரத்திற் பூமியை ஆண்டுகொள்ளும் உரிமை அவனுக்கு. இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலை அவனுக்கு. மேல்நாடு முதலாவதை உரக்கப் படித்து இரண்டாவதை முணுமுணுத்தது எனலாம். 1967இல் லின் வைற் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், இன்றைய இயற்கைச் சீரழிவுக்கு மேற்குக் கிறிஸ்தவம் பெரும் பொறுப்பேற்க வேண்டுமெனக் குற்றஞ்சாட்டினார். 2015இற் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் அக்குற்றச்சாட்டுக்கு முகங்கொடுத்து, ஆளுகை என்பதைத் தான்தோன்றி அதிகாரமாகப் படித்தது தவறான வாசிப்பு என்று கூறி, பண்படுத்தலையும் காத்தலையும் முன்வைத்தது.

வன்னியாருக்கு இவ்விரண்டு அதிகாரங்களும் ஏட்டளவில் நிற்பனவல்ல. குளம் என்பது மனிதன் இயற்கையை ஆண்டதன் அடையாளம். ஓடிய நீரை அவன் கட்டால் மறித்தான். ஆனால் அந்த ஆட்சி, ஆண்டுதோறும் கட்டுக்கு மண் போட்டு, துருசு பார்த்து, வான் பாயும் வழியைத் துப்புரவாக்கி, மேலுள்ள காட்டை விட்டுவைத்தால் மட்டுமே நிலைக்கும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூலைப் புரட்டினால், ஆளொழிந்த ஊர்களும் தூர்ந்த குளங்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. வன்னியைக் காய்ச்சல் நிலமென்றே பிறர் அஞ்சிய காலம் அது.

அக்காய்ச்சலின் வரலாறு கூர்ப்பை நம் வாசலிலேயே காட்டியது. 1946இல் இலங்கையில் 27 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் வருந்தினர். டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. பதினேழு இலட்சமன்று, பதினேழு பேர். மனிதன் ஆளுகை முற்றுப்பெற்றதென எண்ணித் தெளிப்பை நிறுத்தினர். 1968, 1969இல் நோய் மீண்டு வந்து, 1969இல் மட்டும் ஐந்து இலட்சம் பேரைத் தாண்டிற்று. மறுபடியும் டி.டி.ரி. எடுத்தபோது, நோய் பரப்பும் நுளம்பு அதனைத் தாங்கப் பழகியிருந்தது. ‘பழகியது’ என்பது நம் பேச்சு வழக்கு. நடந்தது வேறு. இலட்சக்கணக்கான நுளம்புகளுள் மருந்தைத் தாங்கும் இயல்பு தற்செயலாக வாய்த்த மிகச் சில தப்பின. அவற்றின் குஞ்சுகளுக்கு அவ்வியல்பு வழிவழி வந்தது. தாங்காதன மடிந்தன. சில வாரத்துக்கொரு தலைமுறை கடக்கும் பூச்சிக்கு இருபது ஆண்டு நெடுங்காலம். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு இதுவே. இதனைக் கற்கும் நெளுக்குளத்து மாணவன் வகுப்பறை யன்னலுக்கு அப்பாலுள்ள நீர்க்குட்டையைப் பார்த்தே கற்கலாம். வேறு மருந்து, இரத்தப் பரிசோதனை, வலை, இடைவிடாத கண்காணிப்பு எனப் பல்லாண்டு போராடி, 2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவரும் இன்றி, 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

அதே ஆண்டு திசெம்பரில், நெளுக்குளத்தைத் தாண்டி மேற்கே செல்லும் அந்த வீதி சென்றடையும் மன்னாரிலே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ‘அனோபிலிஸ் ஸ்ரெபன்சி’ என்னும் நுளம்பு முதன்முறையாக இலங்கையிற் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது வயற்காட்டை நாடுவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் முட்டையிடும். சுகாதாரப் பணியாளர் கிணறு கிணறாகச் சென்று, நீரை மொண்டு கூத்தன் புழுவைத் தேடி, அவற்றைத் தின்னும் சிறு மீன்களை உள்ளே விடுகின்றனர்.